வீராயி ஊற்றிய தண்ணீர் செல்லாதா?

“எந்தத் தண்ணி?”

பிள்ளை பெற்று நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். என் மாமனார் வந்து கால்மாட்டில் நின்றார். தோளில் துண்டு, நெற்றியெல்லாம் வியர்வை. காரைக்குடி வைகாசி வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். என் பக்கத்தில் பழைய வேட்டித் துணியில் சுருட்டி வைத்த ஒரு பிடி உயிர், இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளை எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. நீ எப்படி இருக்கே என்றும் கேட்கவில்லை.

“எந்தத் தண்ணி? சம்பை ஊத்துத் தண்ணியா, குழாய்த் தண்ணியா?”

“கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி மாமா.”

“ஊத்துனது யாரு?”

“வீராயி.”

“எந்த வீராயி?”

“இங்க வார்டு கூட்டுறவுக.”

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். காது மடல்வரை நிதானமாகத் துடைத்து முடித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

“செல்லாது.”

போன இதழில் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கூத்தை எழுதியிருந்தேன். படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகப் பலர் கடிதம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் வைத்திருக்கவில்லை. இத்தனை வயதுக்கு அப்புறமாவது இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

யார் வேண்டுமானாலும்

முதலில் என் மாமனார் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் அவர் உபதேசியார். பூசை வைக்கிற சாமியாருக்கு அடுத்த இடம். ஜெபம் சொல்லிக் கொடுப்பார், சாவு வீட்டுக்குப் போவார், யார் பிறந்தார்கள், யாருக்கு ஞானஸ்நானம் ஆனது என்று கோவில் பதிவு நோட்டில் எழுதுவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கட்டைப் பேனாவை மையில் தொட்டு அவர் எழுதுவதைப் பார்க்கவே சின்னப் பிள்ளைகள் வந்து நிற்கும்.

நாங்கள் என்ன சாதி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தச் சாதிக்காரர்கள் மட்டும் கோபித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் எல்லாம் நமக்கில்லையப்பா என்று தப்பித்துவிடுவார்கள். யாரும் தப்பிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மாமா ஞானோபதேச வகுப்பு எடுப்பார். கல்யாணமான புதிதில் நானும் உதவிக்குப் போவேன். பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிற வேலை எனக்கு. அமராவதிபுதூரில் டீச்சர் வேலை பார்த்தவள் என்பதால் அதட்டல் நன்றாகவே வரும். அந்த வகுப்பில் ஒரு கேள்வி உண்டு. சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் இல்லாத நேரத்தில் ஞானஸ்நானம் கொடுக்க யாரால் முடியும்?

யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆண் பெண் யாரும், கிறிஸ்தவர் அல்லாதவர்கூட. தண்ணீரை ஊற்றி, வார்த்தையைச் சரியாகச் சொல்லி, நல்ல மனதோடு செய்தால் போதும் என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்ல வேண்டும். “கிறிஸ்தவர் அல்லாதவர்கூட” என்பதை எவனாவது விழுங்கிவிட்டால் மாமா அவன் காதைப் பிடித்துத் திருகுவார். “அதை விட்டா மொத்தமும் தப்புடா” என்பார்.

நானே கேட்டிருக்கிறேன், பத்துத் தடவையாவது. அதனால்தான் சொல்கிறேன், அவருக்குத் தெரியாமல் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளை சகாயத்துக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்தான். வீட்டுப் பிரசவம். அரை மணி நேரம் இருந்தான். பதறிப்போனதில் யாருக்கும் தண்ணீர் ஊற்றத் தோன்றவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைக்கு மோட்சம் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை என்று அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மாமாதான் தீர்ப்பும் சொன்னார். கல்லறை வேலிக்கு வெளியே, உடைமுள் மண்டிக் கிடந்த இடத்தில் குழி தோண்டினார்கள். தன் பேரனைத் துண்டில் சுற்றித் தூக்கிப்போய் வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தவர் அவர். வந்து அழுதார் என்பதையும் எழுதிவிடுகிறேன், பொய் சொல்ல வேண்டாம். ஆனால் சட்டத்தை வளைக்கவில்லை.

மத்தியான வேளை

அதனால்தான் இரண்டாவது பிள்ளைக்கு அம்மா வீடும் வேண்டாம், மாமியார் வீடும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்லவில்லை. காரைக்குடியில் யாரோ ஒரு செட்டியார் குடும்பம் தர்மத்துக்கு நடத்திய சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, வழுவழுவென்று இருக்கும். அதில் சிந்துகிற ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கல்லின் பூ அழியாமல் வைத்திருந்தவர் வீராயி.

அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். நகராட்சித் துப்புரவுக்காரர்கள் குடியிருக்கிற தெருவிலிருந்து வருவார். நான் ‘அவர்’ என்றுதான் எழுதுவேன். அச்சுக் கோக்கிறவர்கள் தயவுசெய்து திருத்த வேண்டாம்.

நல்ல மத்தியானம். டாக்டரம்மா வேறொரு பிரசவத்துக்காகத் தேவகோட்டை போயிருந்தார். இருந்தது ஒரே நர்ஸ். பிள்ளை பிறந்தது. அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தது. நர்ஸ் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். எனக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையை ஒரு தட்டில் வைத்துத் துணியால் மூடினாள். “டாக்டருக்குப் போன் போடுறேன், அசையாம படுங்க” என்று ஓடிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். தாயையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

முகம் மூடினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மறுபடியும் வேலிக்கு வெளியே, மறுபடியும் உடைமுள். நான் கத்த ஆரம்பித்தேன்.

வாளியோடு உள்ளே வந்த வீராயி பயந்துபோய் வாளியைக் கீழே வைத்தார். “என்ன தாயி, என்ன பண்ணுது?”

“தண்ணி! பிள்ளை தலையில தண்ணி ஊத்துங்க!”

“குளிப்பாட்டவா?”

“ஞானஸ்நானம்! நான் சொல்றதைச் சொல்லிக்கிட்டே ஊத்துங்க, சீக்கிரம்!”

வீராயி அசையவில்லை. என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

“நான் ஊத்தலாமா தாயி? எங்க ஆளுக யாருன்னு தெரியும்ல?”

“யாரா இருந்தா எனக்கென்ன! ஊத்துங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

அவர் ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். கழுவினது போதாதென்று இன்னொரு தடவை கழுவினார். நர்ஸ் குடிப்பதற்காகக் கொதிக்க வைத்து ஆற வைத்திருந்த கெட்டிலை எடுத்தார். துணியை விலக்கினார். நான் படுத்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன், அவர் பின்னாலேயே சொன்னார்.

“சகாயமேரி.”

“சகாயமேரி.”

“பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே…”

“பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே…”

“நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.”

வீராயி அதையும் சொல்லி, மூன்று தடவை ஊற்றினார். எனக்கு மூச்சு வந்தது. செத்தாலும் என் பிள்ளை இனி உள்ளேதான் கிடக்கும் என்று நினைத்தேன். என் நம்பிக்கையின் லட்சணம் அவ்வளவுதான், வெட்கமாக இருக்கிறது. பிள்ளை பிழைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

வீராயி நினைத்தார். கெட்டிலைக் கீழே வைத்தவர் பிள்ளையை விடவில்லை. சுண்டுவிரலில் துணியைச் சுற்றி வாயிலிருந்த சளியை வழித்தார். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகைத் தேய்த்தார். வாயில் வாய் வைத்து ஊதினார். பதினைந்து வருஷம் அந்த அறையில் தரை துடைத்துக்கொண்டே டாக்டரம்மா செய்வதை எல்லாம் பார்த்து வைத்திருந்தவர். அவசரத்துக்கு அவரைத்தான் “வீராயி, பிடி” என்பார்களாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. “வந்துரு ஆத்தா, வந்துரு, உங்கம்மா பாவம்ல, வந்துரு” என்று பேசிக்கொண்டே தேய்த்தார்.

பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நர்ஸ் ஓடி வந்தபோது வீராயி அழுதுகொண்டிருந்தார், பிள்ளையும் அழுதுகொண்டிருந்தது.

மனுக் கொடுத்த மகராசன்

இதற்குத்தான் “செல்லாது” என்றார் உபதேசியார்.

“மாமா, யாரு வேணும்னாலும் குடுக்கலாம்னு நீங்கதானே சொல்லிக் குடுக்குறீக?”

“அது படிப்பு. படிப்புல ஆயிரம் இருக்கும். இது நம்ம வீட்டுப் பிள்ளை. நாளைக்கு நாலு பேரு முகத்துல முழிக்கணும்.”

நல்லா இருக்கே நியாயம்! ஊர்ப் பிள்ளைகள் காதைத் திருகித் திருகிச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஊருக்கு. தன் வீட்டுக்கு வேறே வேதம்.

என் வீட்டுக்காரர் அந்தோணி பஸ் கம்பெனியில் மெக்கானிக். தங்கமான மனுஷன். எத்தனை பெரிய பஸ்ஸுக்கு அடியிலும் பயப்படாமல் படுத்துவிடுவார், அப்பாவைக் கண்டால் மட்டும் நாக்கு உள்ளே போய்விடும். “விடு லூர்து. சாமியார் இன்னொரு தடவை ஊத்திட்டுப் போகட்டுமே. தண்ணிதானே?” என்றார்.

நானும் விட்டேன். உடம்பில் ரத்தமில்லை, பிள்ளைக்குப் பாலில்லை. யார் ஊற்றினால் என்ன, எத்தனை தடவை ஊற்றினால் என்ன என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

நாற்பது நாள் கழித்துப் பிள்ளையைக் காட்டுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீராயிக்குக் கொடுக்கலாம் என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு சேலையும் கொண்டுபோனேன். வார்டில் வேறு யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள். வீராயி எங்கே என்று கேட்டதும் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “பின்னாடி போய்ப் பாருங்க” என்றாள்.

கட்டடத்துக்குப் பின்னால் கக்கூஸ் வரிசை. அதன் சாக்கடையை ஒரு தகரத்தால் வழித்துக்கொண்டிருந்தார் வீராயி.

“என்னக்கா இங்க இருக்கீக?”

“மாத்திட்டாக.”

“ஏன்?”

அவர் தகரத்தைத் தரையில் தட்டினார். “உங்க மாமனார் ஆபீசுல எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காக. கக்கூசு அள்ளுற சாதிக்காரி எங்க பிள்ளையைத் தொட்டுட்டா, வாயில வாய வச்சுட்டான்னு. இனிமே வார்டுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டாக.”

முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருப்பார், மகராசன்.

“அந்தத் தண்ணி செல்லாதுன்னு சொன்னாகளாமே, நெசமா?” என்று கேட்டார் வீராயி.

“ஆமாக்கா” என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“நான் எந்தச் சாமிக்காகவும் ஊத்தலை டீச்சரம்மா. உங்க சாமி யாருன்னே எனக்குத் தெரியாது. நீங்க அழுதீக, அதுக்கு ஊத்துனேன். அது செல்லாதுன்னா நீங்க அழுததும் செல்லாதா?”

பழத்தை வாங்கிக்கொண்டார். சேலையை வாங்கவில்லை. பிள்ளையைத் தூக்கச் சொல்லி நீட்டினேன். “கை அசிங்கமா இருக்கு” என்று தூரத்திலிருந்தே பார்த்தார்.

அங்கிருந்து நேரே ஆபீஸ் மேனேஜரிடம் போனேன். “உங்க வீட்டு ஆளுதாம்மா எழுத்துல குடுத்திருக்காரு. அவர் வாபஸ் வாங்கட்டும், பார்க்கலாம்” என்றார். வீட்டுக்கு வந்து மாமாவிடம் கேட்டேன். முடியாது என்றார். ஒரு தடவைதான் கேட்டேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஆனால் இன்னொன்றைத் தீர்மானித்தேன். இந்தப் பிள்ளை தலையில் இன்னொரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது. விழுந்தால் வீராயி ஊற்றியது தண்ணீரே இல்லை என்று நானே சொன்னதாக ஆகிவிடும்.

என் கை நனைந்தது

எங்கள் பங்குக் கோவில் காளையார்கோவில் போகிற ரோட்டில் இருந்தது. அப்போதிருந்த சாமியார் பயந்த சுபாவம். அவரைப் போய்ப் பார்த்தேன்.

“டீச்சர், சட்டப்படி நீ சொல்றது சரிதான். ஒரு தடவை கொடுத்தா கொடுத்ததுதான். மறுபடி ஊத்தக் கூடாது. எண்ணெய் பூசி, வெள்ளைத் துணி போட்டு, மெழுகுதிரி கொடுத்து முடிக்கலாம்” என்றார். கொஞ்ச நேரம் மேஜையைத் தடவினார். “ஆனா ஜனங்க மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல? ‘ஏற்கெனவே பெறாமலிருந்தால்’னு வாய்க்குள்ள சொல்லிட்டு லேசா ஊத்திர்றேன். யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும் சாமி.”

“சரி சரி, ஊத்தலை” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சாதாரண ஞானஸ்நானத்துக்கு இவ்வளவு கூட்டம் வராது. சாமியார் தண்ணீர் ஊற்றுகிறாரா இல்லையா என்று பார்க்க வந்த கூட்டம். பெண்கள் பக்கத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எண்ணெய் பூசினார். ஜெபம் சொன்னார். பிறகு மாமா ஒரு வெள்ளிச் சொம்பை எடுத்து நீட்டினார். சாமியார் வாங்கிவிட்டார்!

என்னைப் பார்க்கவே இல்லை. சொம்பைச் சாய்த்தார். நான் என் உள்ளங்கையைப் பிள்ளை தலைமேல் வைத்து மூடினேன். தண்ணீர் என் புறங்கையில் விழுந்து, வளையலில் வழிந்து தரையில் சொட்டியது.

“கையை எடு” என்றார் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு.

“எடுக்கமாட்டேன்.”

“லூர்து…” என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளை அடக்குகிற என் குரல் அன்றைக்கு உதவியது. “சாமி, இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சு. வீராயி அக்கா குடுத்துட்டாக. யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் இப்பவே என்கிட்டக் கேளுங்க!”

அவளுக்குப் போய் அக்காவாம், மரியாதையாம் என்று பெண்கள் பக்கத்தில் ஒரே கசமுசா. ஒருத்தியும் நேரில் கேட்கவில்லை. சாமியார் சொம்பைத் திருப்பி மாமா கையில் கொடுத்தார். வெள்ளைத் துணியைப் போட்டார். முடிந்தது.

பூசைக்குப் பிறகு பதிவு நோட்டை விரித்தார்கள். பிள்ளை பெயர், தாய் தகப்பன் பெயர், எல்லாம் எழுதிவிட்டு மாமா பேனாவை நிறுத்தினார். ஞானஸ்நானம் கொடுத்தவர் யார் என்ற கட்டம்.

“என்ன எழுத சாமி?”

“இப்போதைக்கு ஒரு கோடு போட்டு வைங்க உபதேசியாரே. அப்புறம் பார்த்துக்கலாம்.”

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். பிள்ளை பசியில் அழுதது. தலையில் தண்ணீர் விழவிடவில்லையே, அது போதும், ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு அந்தக் கர்வம் பல வருஷம் இருந்தது. கேட்கிறவர்களிடம் எல்லாம் கையை மூடிய கதையைச் சொல்லுவேன். மூடிக் காட்டவும் செய்வேன்.

கட்டத்தில் ஒரு பெயர்

எட்டு வருஷம் ஓடியது. சகாயத்துக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற வயது. அதற்கு ஞானஸ்நானச் சான்று வேண்டும். சாமியார் மாறியிருந்தார், மாமாதான் இன்னமும் நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். சான்றை வாங்கிப் படித்தேன். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் பழைய சாமியார் பெயர் முத்து முத்தாக இருந்தது.

நேரே போய் அவர் முன்னால் நீட்டினேன். “இது யாரு எழுதுனது மாமா?”

“நான்தான்.”

“கோடு போட்டிருந்தீக.”

“கோடு போட்டா எல்லாரும் ஏன்னு கேப்பாக. நாளைக்கு உன் மகளுக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது அந்தப் பேரைப் பார்த்தா எவன் கட்டுவான்? அவ நல்லதுக்குத்தான் எழுதுனேன்.”

“உங்க பேத்தி உசுரோட இருக்குறதே அந்தப் பேராலதான்!”

“இல்லைங்கலையே. நன்றி சொல்லலாம். எழுத முடியாது.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சலே. பேத்தி மேல் உயிரையே வைத்திருந்தார், அவளைத் தோளில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பொய்யையும் எழுதியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்குப் பொய் சொன்னால் பாவம் என்று பாடம் நடத்துகிற கையால்.

நான் புதுச் சாமியாரிடம் போய் ஒன்று விடாமல் கொட்டினேன். அவர் அதிகம் பேசாதவர், ஆனால் பயப்படாதவர். “தண்ணி ஊத்துனவங்க உயிரோட இருக்காங்களா? கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால சொல்லட்டும், நானே திருத்துறேன்” என்றார்.

வீராயி முதலில் வரமாட்டேன் என்றார். “எட்டு வருசம் கழிச்சு என்ன டீச்சரம்மா?” என்றார். நான் விடவில்லை. கெஞ்சினேன். சகாயத்தைக் கூட்டிப்போய் முன்னால் நிறுத்தினேன். அவளைப் பார்த்ததும் வந்தார்.

சாமியார் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நோட்டோடு மாமாவையும் கூப்பிட்டிருந்தார். மாமா சுவரோரமாக நின்றார்.

“அன்னைக்கு என்ன செஞ்சீங்கம்மா?”

“டீச்சரம்மா அழுதாக. தண்ணி ஊத்தச் சொன்னாக. ஊத்துனேன்.”

“என்ன சொல்லி ஊத்துனீங்க?”

வீராயி சொன்னார். ஒரு வார்த்தை பிசகவில்லை. சாமியார் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பழைய பெயரைக் கோடு போட்டு அடித்து, அதன் மேலே வீராயி என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமா பக்கம் திரும்பி, பார்த்தீகளா என்பது போல ஒரு பார்வை பார்த்தேன்.

“இங்க பாருங்கக்கா, உங்க பேரு” என்றேன்.

வீராயிக்கு எழுத்துத் தெரியாது. கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

“இந்த ஐயாதானே அன்னைக்கு ஆபீசுல எழுதிக் குடுத்தது?”

“ஆமா” என்றேன் நான்.

“மூணு வருசம் என்னைய வார்டுக்குள்ள விடல. அப்புறம் மேனேசரு மாறுனதும்தான் உள்ள எடுத்தாக. அந்த மூணு வருசத்துல ரெண்டு பிள்ளைக மூச்சில்லாம வந்துச்சு. டாக்டரம்மா இல்லாத நேரம். என்னையக் கூப்பிட ஆளில்லை. நான் பின்னாடி சாக்கடையில இருந்தேன். துணி போட்டு மூடுன தட்டைக் கதவுக்கு வெளிய நீட்டுவாக. வாங்கிட்டுப் போய்ப் புதைக்கிறது நான்தான். ஒண்ணு கையில சூடாவே இருந்துச்சு.”

வீராயி நோட்டில் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“என் பேரை எழுதிட்டீக, சரி. அந்தப் பிள்ளைகளை எந்த நோட்டுல எழுதுனீக?”

மாமாவைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.